வாசலில் கட்டிய கல்லுப்பூ

லண்டன்
20.01.1984

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் முடிந்து சில நாளாகிறது. பனி இறங்கியதும் உங்களுடைய முழங்கால் வலி கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே மகன் சிவபாதத்தின் வீட்டில் எல்லோரும் நலம். மருமகள் சத்தியபாமா என்னையும் அன்னபூரணத்தையும் நன்றாகப் பார்க்கிறாள். மூன்றாம் மாடி, முற்றம் கிடையாது. குளிரில் விரல் மடங்க மறுக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

போன ஆடிக் கலவரத்தில் பண்டாரவளையில் கடையும் வீடும் எரிந்து, கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கிய எங்களை மூன்று மாதம் சரவணையில் வைத்துப் பார்த்தீர்கள். அதை எங்கே இருந்தாலும் நினைப்பேன்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். உங்கள் குசினித் திண்ணைக் குந்தில் ஒரு தகரப் பால்பேணியில் செடியொன்று இருக்கும். தாமரைப்பூவைச் சாம்பல் நிறக் கல்லில் கொத்தி வைத்ததுபோல, இலையெல்லாம் தடித்து, அடுக்கடுக்காக இருக்கும். மேலே மாப் பூசினது போல ஒரு தூள். பண்டாரவளையில் பங்களாவை விட்டுப்போன வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி அன்னபூரணத்துக்குக் கொடுத்தது. பெயர் எங்களுக்குத் தெரியாது. அன்னபூரணம் அதைக் கல்லுப்பூ என்பாள். வீடு எரிந்த அன்று அவள் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது அது ஒன்றைத்தான். பிளேனில் மண்ணோடு ஏற்றமாட்டார்கள் என்றதால் அங்கே விட்டுவிட்டு வந்தாள்.

உங்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லையே. ஆகவே நான் கேட்கிறேன், அக்கா. அதைச் சாகவிடாதீர்கள். அவள் ஒவ்வொரு நாளும் அதைப் பற்றிக் கேட்கிறாள்.

அன்னபூரணம் உங்கள் சுகத்தை விசாரித்தாள்.

உங்கள் தம்பி,
பரமலிங்கம்


சரவணை
11.03.1984

தம்பி பரமலிங்கத்துக்கு அக்கா யோகம்மா எழுதிக்கொள்வது.

நானும் இருக்கிறேன், முழங்கால் வலியும் இருக்கிறது. நீ, சிவபாதம், சத்தியபாமா, அவர்களுடைய பிள்ளை எல்லோரும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது உனக்குத் தெரியும், பிழை பார்க்காமல் வாசி.

குந்தில் ஒரு பேணி இருந்தது உண்மை. கற்றாழையில் ஒரு சாதி என்று நினைத்தேன். என் வாசலில் கண்ணூறுக்குக் கட்டியிருந்த கற்றாழை மாசியில் காய்ந்துபோனது. ஆகவே இதைப் பேணியிலிருந்து பிடுங்கி, மண்ணை உதறி, வேரைத் தேங்காய்ப் பொச்சில் சுற்றி, கறுப்பு நூலால் தலைகீழாகக் கட்டி வாசல் நிலையில் தொங்கவிட்டிருக்கிறேன். பேணி நல்ல பேணி. கோழிக்குத் தண்ணீர் வைக்கிறேன்.

மீன் கொண்டுவருகிற எமிலி பார்த்துவிட்டு, "ஆச்சி, வாசலிலை என்ன முட்டைக்கோவாவே தொங்குது? கறிக்கு ஒரு துண்டு தாங்கோவன்" என்றாள். "இது உன்ரை கண்ணுக்கெண்டு கட்டினதடி" என்றேன். அன்றைக்கு மீனை நிறுக்காமலே தந்துவிட்டுப் போனாள்.

சாகவிடாதே என்கிறாய். நான் ஒன்றையும் சாகவிட்டதில்லை. போகிறவை தாங்களாகப் போகும்.

வேறு விசேஷம் இல்லை. குளிருக்குக் காலுறை போடு.

யோகம்மா


லண்டன்
30.05.1984

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சித்திரைக் கடைசியில் வந்தது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுகிறீர்கள்தானே? நாங்கள் இருக்கிறோம். சிவபாதத்தின் மகன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

உங்கள் கடிதத்தை அன்னபூரணத்துக்கு வாசித்துக் காட்டினேன். செடியைப் பற்றிய இடத்தை மட்டும் வாசிக்கவில்லை. குந்தில், நிழலில், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்படியே இருக்கட்டும் அக்கா. நீங்களும் அவளுக்கு வேறு மாதிரி எழுதிவிட வேண்டாம்.

இங்குள்ள வாசிகசாலையில் ஒரு புத்தகத்தில் படம் பார்த்தேன். ஹவுஸ்லீக் என்று போட்டிருக்கிறது. அப்படியே அந்த அடுக்கு. இந்த நாட்டில் முன்னாட்களில் அதை வீட்டுக் கூரையில் வைப்பார்களாம், இடி விழாமல் காக்கும் என்று. நல்ல எருப் போட்டு, வெயில் காலத்தில் தவறாமல் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறது. தயவுசெய்து அதை இறக்கி மண்ணில் வையுங்கள். அது ஏலாவிட்டால், இலை ஏதும் விழுந்தால் அதையாவது சட்டியில் ஊன்றிப் பாருங்கள். இலையிலிருந்தே முளைக்கும் என்று அன்னபூரணம் சொல்கிறாள். வேலணைச் சந்தையில் ஆட்டெரு வாங்கலாம்.

உங்கள் பதில் வரும்வரை அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

அன்னபூரணம் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி பரமலிங்கம்


சரவணை
20.01.1985

தம்பி பரமலிங்கத்துக்கு,

இந்த மாரி நல்ல மாரி. கிணறு மேல்வரை வந்துவிட்டது. எனக்கு மூக்கடைத்துத் தடிமன் வந்து போனது. நீ, சிவபாதம், சத்தியபாமா, நடக்கிற பிள்ளை, எல்லோரும் தேகசுகமாக இருக்க வேண்டும்.

பதில் சுணங்கிவிட்டது என்று யோசித்திருப்பாய். கடிதங்கள் இப்போது எங்கேயோ கிடந்து கிடந்து வருகின்றன. உன் கடிதம் ஆவணியில்தான் கைக்கு வந்தது.

வெள்ளைக்காரனும் கூரையில் கட்டுகிறான் என்று எழுதியிருக்கிறாய். வாசித்துச் சந்தோசப்பட்டேன். உன் பெண்சாதி அவனையும் பார்த்துக் கேட்டாவோ என்று அறிய விருப்பம்.

என்ன கேட்டா என்று உனக்குத் தெரியாது, நீ அந்த நேரம் பந்தலில் நின்றாய். நான் சொல்கிறேன். எழுபத்தொன்றாம் ஆண்டு சித்திரையில் என் மனுசன் ஆழ்வாப்பிள்ளை காய்ச்சலில் படுத்து எழும்பாமல் போனார். தெற்கில் குழப்பம், ஊரடங்கு, ரயில் இல்லை என்று நீ செத்தவீட்டுக்கு வரவில்லை. அதை நான் விட்டுவிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு பேரும் வந்தீர்கள். உன் பெண்சாதி மாம்பழ நிறச் சேலை, கையில் பண்டாரவளைப் பேரிக்காய்ப் பை. வாசலில் ஏறும்போது நிலையில் தொங்கிய கற்றாழையை அண்ணாந்து பார்த்தா. ஊர்ப் பெண்டுகள் எல்லாம் கேட்க, "இதைக் கட்டியும் அண்ணை போயிட்டாரே, மச்சாள்?" என்றா. எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். அவள் பெயரும் எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

உன் பெண்சாதி பின்னேரத்துக்குள் அதை மறந்துவிட்டா. இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டா.

இனி உன் செடி. விழுந்த இலைகளைப் பொறுக்கி இரண்டு சட்டியில் ஆட்டெருப் போட்டு ஊன்றினேன். நீ சொன்னபடி தண்ணீர் விட்டேன். மழையும் சேர்ந்து ஊற்றியது. எல்லாம் கஞ்சியாகக் கரைந்துபோயின. தொங்குவது தொங்குகிறது. தலைகீழாகக் கட்டினேன், அது கழுத்தை வளைத்து மேலே பார்க்கிறது. வெள்ளிக்கிழமையில் வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போது அதற்கும் ஒரு கை தெளிப்பேன்.

உன் புத்தகம் பிழை. குப்பைக்குப் போக இருந்த இலை ஒன்று இதற்குள் வைக்கிறேன், ஆரிடமாவது காட்டிப் பெயரை ஒழுங்காகக் கேள். நீல விமானக் கடிதத்துக்குள் ஒன்றும் வைக்கக் கூடாது என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். உறை வாங்கினேன்.

யோகம்மா


லண்டன்
02.09.1985

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குத் தடிமன் என்று வாசித்த பிறகு வேறு கடிதம் வரவில்லை. சுகமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே சிவபாதத்துக்கு வேலை மாறியிருக்கிறது. பேரன் ஆங்கிலத்தில்தான் அழுகிறான்.

அந்தியேட்டி விஷயத்தை இப்போதுதான் அறிகிறேன். என்ன எழுதுவதென்று நாலைந்து தரம் தொடங்கிக் கிழித்தேன். ஆகவே செடியைப் பற்றியே எழுதுகிறேன்.

உறையின் மேல் முத்திரை குத்தியவன் இலையையும் சேர்த்துக் குத்தியிருந்தான். பாதி நசுங்கிவிட்டது. மற்றப் பாதியில் அந்தத் தூள் அப்படியே இருந்தது, அதில் ஒரு விரலடையாளமும் இருந்தது. அன்னபூரணம் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது ஆரின்ரை விரல்?" என்று கேட்டாள். அக்காவுடையது என்றேன். அதற்குப் பிறகு அதைத் தொடாமல் தாளோடு வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கூடத்தில் செடி வளர்க்கும் பெரிய தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஒருவர் பார்த்தவுடனே, ஹவுஸ்லீக் இல்லை என்று சொல்லி உள்ளே கூட்டிச் சென்று காட்டினார். அதே அடுக்கு, அதே சாம்பல். பெயர் கிராப்டோபெட்டலம். மெக்சிக்கோ நாட்டுப் பாறை வெடிப்புகளில் தொங்கி வளர்வதாம். பெயரின் பின்பகுதியில் பராகுவே நாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். முதலில் பெயர் வைத்தவர் அங்கேயிருந்து வந்ததென்று பிழையாக நினைத்துவிட்டாராம், பிறகு ஆரும் மாற்றவில்லை. எரு வேண்டாம், தண்ணீர் குறைவு, ஈர மண்ணில் அழுகும் என்றார். ஆகவே அதைத் தொங்கவே விடுங்கள், அக்கா.

அன்னபூரணம் கொஞ்ச நாளாகக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகிறாள். போன மாதம் கடைக்குப் போனவளுக்கு வீடு தெரியவில்லை. பொலிஸ்காரர் கூட்டிவந்தார். வயது என்று டொக்டர் சொல்கிறார். அவளுக்கு அறுபது இன்னும் முடியவில்லை.

அவள் உங்களைக் கேட்டாள்.

பரமலிங்கம்


சரவணை
15.12.1985

தம்பி பரமலிங்கத்துக்கு,

தடிமன் மாறி இருமல். நீயும் சிவபாதம் குடும்பமும் நலமாயிருக்க வேண்டும்.

பிறந்த ஊர் ஒன்று, பெயரில் வேறு ஊர் என்று எழுதியிருக்கிறாய். அதில் என்ன புதினம்? நீ சரவணையில் பிறந்தவன். ஊரில் உன்னைப் பண்டாரவளையார் என்றுதான் சொல்கிறார்கள், கடை எரிந்த பிறகும். இனி லண்டன்காரர் என்பார்கள். செடி ஒன்றும் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அது இப்போது பூத்திருக்கிறது. சின்ன வெள்ளைப் பூ, நட்சத்திரம் போல, உள்ளே சிவப்புப் புள்ளி. எமிலி கும்பிட்டுவிட்டுப் போகிறாள். சிலுவை போட்ட வேதக்காரி கும்பிடலாமோ என்றேன். "ஆச்சி, கும்பிட்டது பூவையில்லை, நீங்கள் இண்டைக்கு விலை பேசாமல் மீன் எடுத்ததுக்கு" என்றாள்.

நீ எழுதிய மற்ற விஷயம் வாசித்தேன்.

யோகம்மா


லண்டன்
16.02.1988

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருடத்துக்கு மேல் எழுதவில்லை. என்னில் பிழை. பிறகு நாட்டில் நடந்தவற்றைக் கேட்டு, எழுதினாலும் வந்து சேருமா என்று இருந்துவிட்டேன். நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்ன பிறகே மூச்சு வந்தது. உடம்பு எப்படி? எழுத ஏலாவிட்டால் ஆரையாவது கொண்டு இரண்டு வரி எழுதுவியுங்கள்.

அன்னபூரணத்துக்கு இப்போது பேரனின் பெயர் தெரியாது. சத்தியபாமாவை ஆரோ தாதி என்று நினைக்கிறாள். என்னைத் தெரிகிற நாளும் உண்டு. கல்லுப்பூவை மட்டும் மறக்கவில்லை. இங்கே சந்தையில் அதே சாதியில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ரையில்லை" என்று திருப்பித் தந்துவிட்டாள். பிறகு அதற்குத் தண்ணீர் விடவில்லை, பார்க்கவும் இல்லை.

இன்னொன்று. அவள் இப்போதெல்லாம் உங்களைப் பற்றிக் கதைக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள்: "என்ரை செடி மச்சாளிட்டைக் கிடக்கு. நல்ல மனிசி. மூண்டு மாதமும் ஒரு குசினியிலை கதைச்சுக் கதைச்சுத்தான் சமைச்சனாங்கள்."

இதை உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

பரமலிங்கம்


சரவணை
09.09.1988

தம்பி பரமலிங்கத்துக்கு,

நான் என் கையாலேயே எழுதுகிறேன், ஆரையும் கூப்பிடவில்லை. கண்ணில் ஒன்றுக்குப் புகைச்சல். மகள் மீனலோசனி கொக்குவிலுக்கு வந்து இரு என்கிறாள். நான் போகவில்லை. நீ, சிவபாதம், சத்தியபாமா, பேரன் சுகமாயிருக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கோபத்தில் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். அதனால் சுணங்கியது.

மூன்று மாதம் ஒரு குசினியில் நின்றது உண்மை. ஒரு சொல் கதைக்கவில்லை. உன் பெண்சாதிக்கு உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து "உப்பு" என்பா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உப்புப் போத்தலைத் தள்ளிவிடுவேன். அதுவோ கதை? அடுப்பில் ஒருத்தி இருந்தால் மற்றவள் அம்மியில். நான் அவவுக்காக ஒரு தேங்காய்கூடத் திருவிக் கொடுக்கவில்லை. எல்லாம் எனக்கு நாள் நாளாக ஞாபகம் இருக்கிறது. கண்டவனுக்கெல்லாம் நான் நல்ல மனிசி என்று சொல்ல அவவுக்கு என்ன உரிமை?

சொன்னதையும் மறந்து, நான் கோபித்ததையும் மறந்து அவ அங்கே இருக்க, நான் இங்கே ஆரோடு கோபித்துக்கொண்டு இருக்கிறது?

என்ன கதைத்தோமாம்? அதையும் கேட்டு எழுது. சும்மா அறியத்தான்.

செடி நீண்டுவிட்டது. தண்டு பாம்புபோல வளைந்து, நுனியில் பூப்போல அடுக்கு. பொச்சு உக்கிப்போனதால் புதிசு சுற்றினேன்.

யோகம்மா


லண்டன்
03.01.1989

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டது போதும். கண்ணை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், பிந்த வேண்டாம். நாங்கள் சுகம்.

நீங்கள் கேட்டபடி அவளைக் கேட்டேன். அன்று நல்ல தெளிவாக இருந்தாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஒடியற்கூழ் காய்ச்சினனாங்கள். புளி கூடிப்போச்சு மச்சாள் எண்டனான். அவ சிரிச்சவ. 'பண்டாரவளையிலை சீனி நக்கின நாக்குக்கு அப்பிடித்தான் இருக்கும்' எண்டவ. நானும் சிரிச்சனான்."

பிறகு சொன்னாள்: "அண்ணை செத்ததைப் பற்றியும் கதைச்சனாங்கள். நான் ஏதோ பிழையாய்ச் சொல்லிப்போட்டன். அழுதனான். மச்சாள் என்ரை முதுகைத் தடவினவ. 'விடு அன்னபூரணம், கூழ் அடிப்பிடிக்கப் போகுது' எண்டவ."

நான் திருத்தவில்லை, அக்கா. திருத்தினால் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவாள். திருத்திய வருத்தம் மட்டும் அவளிடம் தங்கிவிடும்.

பரமலிங்கம்


கொக்குவில்
27.01.1991

தம்பி பரமலிங்கத்துக்கு,

கூழுக்குப் புளி கூட விட்டது அவ. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைத்த புளி முழுவதையும் சட்டியோடு கவிழ்த்தா. நான் வாய் திறக்கவில்லை. சீனி நக்கின நாக்கு என்று நான் சொல்லவே இல்லை. நினைத்தேன். அது எப்படி அவவுக்குத் தெரிந்தது?

மற்றதைப் பற்றி இரண்டு வருடமாக யோசிக்கிறேன். 

நான் மீனலோசனி வீட்டில் இருக்கிறேன், உயிரோடு. போன ஆவணியில் சரவணையை விட்டோம். ஷெல் விழுந்தது, எல்லோரும் அராலித்துறைப் பக்கம் ஓடினார்கள். வள்ளம் எமிலியின் புருசன் லியோனுடையது. நிற்க இடமில்லை. நான் கையில் கறுப்பு நூலோடு உன் பெண்சாதியின் செடியைப் பிடித்துக்கொண்டு இறங்க, லியோன் பார்த்துவிட்டு, "ஆச்சி, சனம் நகைப்பெட்டியைத் தூக்குது, நீங்கள் கோவாவைத் தூக்கிறியள்!" என்றான். "உது மண் கேக்காது, தண்ணியும் கேக்காது. உன்னை மாதிரிக் கூலியும் கேக்காது. தள்ளடா வள்ளத்தை" என்றேன். கூலி வாங்கவில்லை, நல்ல பொடியன். கரைக்கு வரும்வரை எமிலி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள், உப்புத் தண்ணீர் தெறிக்காமல்.

பூட்டின அலுமாரி அங்கே நிற்கிறது. நீ எழுதின கடிதங்களும் அதற்குள். வீடு நிற்கிறதா என்று தெரியாது. கோழிகள் போயிருக்கும்.

இங்கே மீனலோசனியின் வாசலில் கட்டியிருக்கிறேன். "அம்மா, வாறவைக்குத் தலையிலை இடிக்குது" என்றாள். குனிந்து வரட்டும்.

வேலணைப் பரராசசிங்கம் வாத்தியார் கொழும்பு போய் லண்டனுக்கு மகளிடம் வருகிறார். இந்தக் கடிதத்தோடு ஒரு நெருப்புப்பெட்டி தருவார். பெட்டி இப்போது வெறுமையாகத்தான் கிடைக்கிறது, குச்சிக்குச் சனம் வரிசையில் நிற்கிறது. உள்ளே இலை இருக்கிறது. முத்திரை குத்த விடாதே. ஈரப்படுத்தாதே. வெறும் மணலில் மேலே கிடத்து. எருப் போட்டால் எனக்குத் தெரியவரும்.

இது அவவுடையதுதான் என்று சொல்லு. குந்தில் இருந்தது என்று நீ சொன்னதையே சொல்லு.

நீ, சிவபாதம், சத்தியபாமா, பேரன், அங்கே இருக்கிற எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும்.

யோகம்மா


லண்டன்
18.08.1992

அன்புள்ள அக்காவுக்கு,

பரராசசிங்கம் வாத்தியார் போன வருடம் பங்குனியில் நெருப்புப்பெட்டியைக் கையில் தந்தார். கொழும்பு லொட்ஜில் கிடந்த நாளெல்லாம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாராம். நான் உடனே எழுதினேன். அந்தக் கடிதம் உங்களுக்கு வரவில்லை என்று உங்கள் மௌனத்தில் தெரிந்துகொண்டேன். கொக்குவிலில் நீங்கள் எல்லோரும் சுகமா? கண் எப்படி?

பெட்டியைத் திறந்தபோது இலை சுருங்கியிருந்தது. ஆனால் அடியில் மயிர்போல இளஞ்சிவப்பு வேர். அதன் பக்கத்தில் மிளகளவில் ஒரு அடுக்கு. மணலில் கிடத்தினேன். எருப் போடவில்லை. இப்போது உள்ளங்கையளவு வளர்ந்திருக்கிறது.

அன்னபூரணத்திடம் காட்டினேன். நான் இப்போது அவளுக்குப் பண்டாரவளைக் கடையில் வேலைக்கு நின்ற ஒரு தம்பி. செடியை வாங்கி, தூளில் விரல் படாமல் அடியில் பிடித்தாள். "இது என்ரை" என்றாள். அவ்வளவுதான்.

ஆனியில் ஒருநாள் காலை எழும்பிப் பார்த்தால் சட்டி வெறுமை. செடி முன்கதவு நிலையில் தொங்குகிறது. சத்தியபாமா பின்னுகிற கம்பளி நூலை எடுத்து வேரில் கட்டி, கதிரையில் ஏறி, அன்னபூரணம்தான் தலைகீழாகக் கட்டிவிட்டிருக்கிறாள். விழுந்திருந்தால் என்ன செய்வது? சத்தியபாமா அதை அவிழ்த்துச் சட்டியில் வைத்தாள். மறுநாளும் தொங்கியது. "மாமி, உது செத்துப்போமெல்லே" என்றாள் சத்தியபாமா.

அதற்கு அன்னபூரணம் சொன்னாள்: "சாகாது பிள்ளை. மச்சாள் வீட்டிலை உப்பிடித்தான் தொங்குது. உதைக் கட்டினால் வீட்டுக்காரருக்கு ஒண்டும் வராது."

அக்கா, இந்த எட்டு வருடமும் அது உங்கள் குந்தில் இருக்கிறது என்றுதான் அவளுக்குச் சொல்லிவந்தேன். தொங்குகிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை ஒருநாளும் வாசிக்கவில்லை. அவள் கண்டது அந்தியேட்டியன்று நீங்கள் கட்டியிருந்த கற்றாழையைத்தான்.

இப்போது அவிழ்ப்பதில்லை. தபால்காரனும் குனிந்து நின்றுதான் கதவைத் தட்டுகிறான்.

பரமலிங்கம்


கொக்குவில்
06.12.1992

தம்பி பரமலிங்கத்துக்கு,

அன்னபூரணம் எப்படி இருக்கிறா? சாப்பிடுகிறாவா? படியில் இறங்கும்போது ஆராவது கையைப் பிடிக்கிறீர்களா? கதிரையில் இனி ஏற விடாதே. கட்ட வேண்டுமென்றால் நீ ஏறு, அவ கீழே நின்று சொல்லட்டும்.

நீங்கள் எல்லோரும் சுகம் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு கண் தெரியாது. மற்றது தெரிகிறது, ஒன்று போதும். இதைப் பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள். நான் விடவில்லை. அதனால்தான் கோணல்.

கம்பளி நூல் இழுபடும், செடி இறங்கிவிடும். அதோடு வேருக்கும் மூச்சடைக்கும். பொச்சு கொஞ்சம் உறைக்குள் வைத்திருக்கிறேன், அதைச் சுற்றிக் கறுப்பு நூலால் கட்டு. இலை வைக்கவில்லை, ஆகவே முத்திரை குத்துகிறவன் எவ்வளவு குத்தினாலும் குத்தட்டும். வெள்ளிக்கிழமையில் மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரு கை. அங்கே மஞ்சள் கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீர். தெளிக்கிறதை அவவே தெளிக்கட்டும்.

சரவணைக்குப் போய்வர இன்னும் விடுகிறார்களில்லை. பழைய செடி இங்கே வாசலில் தொங்குகிறது. மீனலோசனி இப்போது குனியப் பழகிவிட்டாள்.

அந்தியேட்டியன்று அவ என்ன சொன்னா என்று நீ ஒருநாளும் அவவுக்கு எடுத்துச் சொல்லாதே. ஏதோ பிழையாய்ச் சொன்னேன் என்று அவவாகக் கேட்டாலும், அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லு. அது என்னிடம் இருக்கிறது. சேலையின் நிறத்தோடு இருக்கிறது. ஒரு ஆள் வைத்திருந்தால் போதும்.

கூழுக்குப் புளி கூட விட்டது தான்தான் என்று மச்சாள் ஒத்துக்கொண்டா என்று அன்னபூரணத்துக்குச் சொல்லு. உண்மை உனக்கும் எனக்கும் தெரியும்.

யோகம்மா